பலகோணத்தோட கோணமும் பக்கமும்: சூத்திரத்துக்கு முன்னாடி புரிய வேண்டியது

நீங்க கேட்டது ரெண்டு விஷயம். உங்க பொண்ணு எட்டாவது படிக்கிறா, "பக்கத்துல ரெண்டை கழி, 180-ஆல பெருக்கு"ன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்றா, ஆனா கேள்வியை லேசா மாத்திக் கேட்டா அப்படியே நின்னுடறா. இது ஒண்ணு. இன்னொண்ணு, "எல்லாப் பக்கமும் சமமா இருந்தா எல்லாக் கோணமும் சமமாத்தான் இருக்கும்"னு பரீட்சைல எழுதி மார்க் போயிருக்கு, அதுல என்ன தப்புன்னு உங்களுக்கும் விளங்கல.

ரெண்டாவதுக்கு முதல்ல சொல்லிடறேன், டீச்சர் மார்க் குறைச்சது சரிதான். முக்கோணத்துக்கு மட்டும்தான் அவ சொன்னது உண்மை, நாலு பக்கம் வந்த உடனே அது செல்லாது. ஆனா ஏன் முக்கோணத்துக்கு மட்டும் அப்படிங்கறதுதான் சுவாரசியமான கேள்வி, அதுக்கு கீழே வர்றேன், கொஞ்சம் பொறுங்க.

முதல் விஷயத்துல, என்னைக் கேட்டா நம்ம புஸ்தகங்கள்ல வரிசையே கொஞ்சம் மாறி இருக்கு. உட்கோணத்தை முதல்ல சொல்லி, அதுக்கு ஒரு சூத்திரம் கொடுத்து, அப்புறம் கடைசில போனாப் போகுதுன்னு "வெளிக்கோணங்களின் கூடுதல் 360"னு ஒரு வரி வரும். பசங்க அதை ரெண்டாவது சூத்திரமா மனப்பாடம் பண்ணிடுவாங்க. நிஜத்துல அந்த 360 தான் மூலம், மத்தது எல்லாம் அதுலேர்ந்து தானா வரும். அதனால அங்கிருந்து ஆரம்பிங்க.

தேர் நிலையிலேர்ந்து கிளம்பி நாலு வீதியும் சுத்தி திரும்ப நிலைக்கு வருதுல்ல, கிளம்பும்போது எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு நின்னுச்சோ வந்து நிக்கும்போதும் அதே பக்கம் பார்த்துத்தான் நிக்கும். நடுவுல நாலு முக்குலயும் முட்டுக்கட்டை போட்டுத் திருப்பியிருக்காங்க. அந்த நாலு திருப்பத்தையும் கூட்டினா தேர் தன்னைத்தானே ஒரு முழுச் சுத்து சுத்தியிருக்கு, அதாவது 360 டிகிரி. வீதி சரியா செவ்வகமா இருக்கணும்னு கூட அவசியம் இல்ல, ஒரு முக்குல 80 டிகிரி இன்னொரு முக்குல 105னு கோணலா இருந்தாலும் மொத்தம் 360 தான் வரும், வேற வழியே கிடையாது, ஏன்னா வந்து நிக்கிற திசை கிளம்பின திசை. நாலு முக்குக்குப் பதிலா ஏழு முக்கு இருந்தாலும் அதேதான், ஒவ்வொரு திருப்பமும் சின்னதாயிடும், அவ்வளவுதான்.

அந்தத் திருப்பத்துக்குப் பேர்தான் வெளிக்கோணம். இதை பாப்பாவுக்கு அழுத்திச் சொல்லுங்க, ஏன்னா பெரும்பாலான பசங்க இங்கதான் தடுமாறுறாங்க. "வெளி"ன்னு பேர் இருக்கறதால உருவத்துக்கு வெளிப்பக்கம் மிச்சம் இருக்கற மொத்தக் கோணம்னு நினைச்சுக்கறாங்க, அதாவது சதுரத்தோட மூலைல உள்ள 90னா வெளிய 270னு. அது இல்ல. இதுவரைக்கும் வந்த பக்கத்தை ஸ்கேல் வச்சு அப்படியே நேரா நீட்டுங்க, திரும்பாம போயிருந்தா அந்தக் கோட்டுலதான் போயிருப்போம். இப்போ நிஜமா போன பக்கம் வேற. ரெண்டுக்கும் நடுவுல இருக்கறதுதான் வெளிக்கோணம். சதுரத்துக்கு அது 90. படத்துல அந்த நீட்டின கோட்டை புள்ளிப்புள்ளியா போடச் சொல்லுங்க, ஒவ்வொரு தடவையும், சலிக்காம. இது பழகிட்டா மத்ததெல்லாம் கையில வந்துடும்.

இப்போ உட்கோணம். நீட்டின கோடும் பழைய பக்கமும் ஒரே நேர்கோடு, அதனால ஒரு மூலைல உட்கோணமும் வெளிக்கோணமும் சேர்ந்தா 180. மூலை எத்தனையோ அத்தனை 180. அஞ்சு மூலைன்னா 900. அதுல வெளிக்கோணம் எல்லாம் சேர்ந்து 360 எடுத்துக்கிச்சு, மிச்சம் 540, அதுதான் உட்கோணங்களோட கூடுதல். இப்போ சூத்திரத்தைப் பாருங்க, 360ங்கறது ரெண்டு 180, அதனாலதான் "ரெண்டை கழி" வருது. அந்த ரெண்டு எங்கேருந்து வந்துச்சுன்னு பசங்ககிட்ட கேட்டா "சூத்திரத்துல அப்படித்தான் இருக்கு"ன்னு சொல்லுவாங்க, அது ஒரு முழுச் சுத்து, அவ்வளவுதான் அதோட ரகசியம்.

புஸ்தகத்துல வேற மாதிரி இருக்கும், ஒரு மூலைலேர்ந்து மத்த மூலைகளுக்கு மூலைவிட்டம் போட்டு முக்கோணமா பிரிச்சு எண்றது. அஞ்சு பக்கத்துல மூணு முக்கோணம், ஆறுல நாலு, இப்படி. அதுவும் நல்ல வழிதான், விடை ஒண்ணுதான். ஆனா அதுக்கு முக்கோணத்துல 180ங்கறது முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அது ஏன் 180னு கேட்டா பேப்பர்ல முக்கோணம் வெட்டி மூணு மூலையையும் கிழிச்சு பக்கத்துல பக்கத்துல ஒட்டிக் காட்டுவாங்க, பார்க்க நல்லா இருக்கும், ஆனா அது நிரூபணம் இல்ல, 179 ஆ இருந்தாலும் பேப்பர்ல கண்ணுக்குத் தெரியாது. நிரூபணம் வேணும்னா, கிரேக்க கணித மேதை யூக்ளிட் சுமார் 2300 வருஷத்துக்கு முன்னாடி எழுதின வடிவியல் நூல்ல முதல் புஸ்தகம் 32-வது முடிவா இது இருக்கு, அவர் இணைகோடு போட்ட விதம் கொஞ்சம் வேற, எளிமையா இப்படிச் செய்யலாம்: உச்சி வழியா அடிப்பக்கத்துக்கு இணையா ஒரு கோடு போடுங்க, அடியில இருக்கற ரெண்டு கோணமும் ஒன்றுவிட்ட கோணமா மேல வந்து உட்கார்ந்துக்கும், மூணும் சேர்ந்து ஒரே நேர்கோட்டுல நிக்கும், 180. எட்டாவது பொண்ணுக்கு இது தாராளமா புரியும், இணைகோடு பாடம் ஏழாவதுலயே வந்துடுதே.

சரி, கேள்வியைத் திருப்பிக் கேட்டா நின்னுடறான்னு சொன்னீங்கல்ல, அங்க வருவோம். "ஒரு ஒழுங்கு பலகோணத்தின் உட்கோணம் 156. பக்கங்கள் எத்தனை?" (ஒழுங்குன்னா எல்லாப் பக்கமும் சமம், எல்லாக் கோணமும் சமம்.) சூத்திரம் மட்டும் தெரிஞ்ச பொண்ணு பக்கத்தை தெரியாத எண்ணா வச்சு சமன்பாடு எழுதி ரெண்டு பக்கமும் பெருக்கி அடைப்புக்குறியைப் பிரிச்சு எங்கேயோ ஒரு மைனஸை விட்டுடுவா. திருப்பத்தை யோசிக்கிற பொண்ணு மனசுலயே போட்டுடுவா: உள்ள 156னா திருப்பம் 24, மொத்தம் 360, 24-ஆல வகுத்தா 15. முடிஞ்சுது. ஒழுங்கு பலகோணம்னு கேள்வில வந்தா எப்பவுமே முதல்ல வெளிக்கோணத்துக்குப் போயிடணும், இது ஒரு பழக்கமாவே வரட்டும்.

இதே வழில "உட்கோணம் 100 இருக்கற ஒழுங்கு பலகோணம் உண்டா?"ன்னு கேட்டாலும் சட்டுனு சொல்லிடலாம். திருப்பம் 80, 360-ஐ 80-ஆல வகுத்தா நாலரை, நாலரை மூலை கிடையாது, அதனால அப்படி ஒண்ணு இல்ல. இதுல ஒரு எச்சரிக்கை, பக்க எண்ணிக்கைதான் முழு எண்ணா இருக்கணும், கோணம் முழு எண்ணா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. பழைய ரெண்டு ரூபா காசு ஞாபகம் இருக்கா, அதுக்கு 11 பக்கம், திருப்பம் 360-ஐ 11-ஆல வகுத்தா 32.7272னு போய்க்கிட்டே இருக்கும். இப்போ வர்ற 20 ரூபா காசுக்கு 12 பக்கம், அதுல அழகா 30, உட்கோணம் 150. வீட்ல 20 ரூபா காசு இருந்தா பேப்பர்ல வச்சு ஓரம் வரைஞ்சு கோணமானியால அளக்கச் சொல்லுங்க, மூலை கொஞ்சம் மழுங்கி இருக்கும், அதனால பக்கத்தை ஸ்கேல் வச்சு நீட்டிட்டு அளக்கணும். 150க்குப் பக்கத்துல வரும்.

வெளிக்கோணத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு, இதை எந்த வகுப்புலயும் சொல்லித் தந்து நான் பார்த்ததில்ல. ஒரு குவிவு பலகோணத்துல, அதாவது எந்த மூலையும் உள்பக்கமா குத்தாத பலகோணத்துல, ஆயிரம் பக்கம் இருந்தாலும் சரி, குறுங்கோணம் மூணுக்கு மேல இருக்க முடியாது. ஏன்? உட்கோணம் 90-ஐ விடக் கம்மின்னா அந்த மூலைல திருப்பம் 90-ஐ விட ஜாஸ்தி. அந்த மாதிரி நாலு மூலை இருந்தா அதுலயே 360-ஐத் தாண்டிடுதே. அவ்வளவுதான் நிரூபணம். உட்கோண சூத்திரத்தை வச்சுக்கிட்டு இதைச் செய்யப் பாருங்க, எவ்வளவு சுத்திப் போகுதுன்னு தெரியும்.

கம்ப்யூட்டர் இருந்தா ஸ்கிராட்ச்ங்கற பசங்களுக்கான புரோகிராமிங் மொழில இதை விளையாட விடுங்க. 1967-ல சீமோர் பாப்பர்ட்டும் அவர்கூட இருந்தவங்களும் லோகோன்னு ஒரு மொழி உருவாக்கினாங்க, ஆமை ஒண்ணு நடந்துக்கிட்டே கோடு போடும், அதோட வாரிசு மாதிரிதான் இந்த ஸ்கிராட்ச். அதுல சமபக்க முக்கோணம் வரையச் சொன்னா அநேகமா எல்லாப் பசங்களும் "100 நட, 60 திரும்பு, மூணு தடவை"ன்னு போடுவாங்க, ஏன்னா முக்கோணம்னா 60னு மனசுல பதிஞ்சிருக்கு. ஓடவிட்டா முக்கோணம் வராது, அறுங்கோணத்துல பாதி வந்து அந்தரத்துல நிக்கும். ஸ்கிராட்ச்ல ஆமைக்குப் பதிலா பூனை, அது திரும்புறது வெளிக்கோணம், 120 போடணும். இந்தத் தப்பை அவளே போட்டு அவளே கண்டுபிடிக்கட்டும், நீங்க பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துடாதீங்க. அஞ்சு தடவை 144 திரும்பச் சொன்னா ஐந்துமுனை நட்சத்திரம் வரும், அஞ்சு 144 எவ்வளவு, 720, அதாவது ரெண்டு முழுச் சுத்து சுத்தியிருக்கு. ஒவ்வொரு முனையும் 36, அஞ்சும் சேர்ந்து 180. நட்சத்திர முனைகளோட கூடுதல் 180னு நிறுவுகன்னு கேக்கற கேள்வி, முக்கோணம் முக்கோணமா தேடி அலையாம இப்படியே முடிஞ்சுடும்.

இப்போ பக்கத்துக்கு வர்றேன். உங்க பொண்ணோட சண்டை இங்கதான்.

கொஞ்சம் தீக்குச்சி எடுத்துக்கோங்க (மருந்து இல்லாம சுரண்டிட்டு), சைக்கிள் வால்வு ட்யூப் கொஞ்சம் வாங்கி சின்னச் சின்னத் துண்டா வெட்டிக்கோங்க, அதுல குச்சியைச் சொருகினா மூட்டு மாதிரி மடங்கும். தூக்கிப் போடற சாமான்ல பொம்மை செஞ்சு அறிவியல் சொல்லித்தர்ற அர்விந்த் குப்தா இதை வச்சுத்தான் ஊர் ஊராப் போய் பசங்களுக்கு வடிவியல் செஞ்சு காட்டினார். மூணு குச்சில முக்கோணம் பண்ணி அமுக்குங்க, அசையாது. நாலு குச்சில சதுரம் பண்ணி அமுக்குங்க, சாய்ஞ்சு சாய்சதுரம் ஆயிடும். குச்சி நீளம் ஒண்ணும் மாறல, நாலு பக்கமும் இப்பவும் சமம்தான், ஆனா கோணம் மாறிடுச்சு, 90-90-90-90 இருந்தது 60-120-60-120 ஆயிடுச்சு. இதைக் கையில வச்சுக்கிட்டு "எல்லாப் பக்கமும் சமம்னா எல்லாக் கோணமும் சமம்"னு யாராலயும் சொல்ல முடியாது. மார்க் போன கதை அங்கேயே முடிஞ்சுடும்.

திருப்பிச் சொன்னாலும் அப்படித்தான், எல்லாக் கோணமும் சமமா இருந்தா பக்கம் சமமா இருக்கணும்னு இல்ல, செவ்வகமே சாட்சி. அதனாலதான் ஒழுங்கு பலகோணத்துக்கு வரையறை எழுதும்போது "எல்லாப் பக்கங்களும் சமம், எல்லாக் கோணங்களும் சமம்"னு ரெண்டையும் எழுதணும், ஒண்ணை எழுதி ஒண்ணை விட்டா மார்க் போகும், போகவும் வேணும். முக்கோணத்துல மட்டும் ஒண்ணு சொன்னா இன்னொண்ணு கூடவே வந்துடுது, ஏன்னா மூணு பக்க நீளத்தைச் சொல்லிட்டா உருவம் முடிவாயிடுச்சு, அசைய இடமே இல்ல. பெரிய பக்கத்துக்கு எதிர்ல பெரிய கோணம்ங்கறதும் முக்கோணத்துக்கு மட்டும் உள்ள சமாச்சாரம், அதை நாற்கரத்துல போய் பொருத்திப் பார்க்கக் கூடாது, அங்க பக்கத்துக்கு எதிர்ல இருக்கறது கோணம் இல்ல, இன்னொரு பக்கம்.

சரிஞ்ச அந்தச் சதுரத்துக்கு குறுக்கே ஒரு குச்சி போட்டுப் பாருங்க, உடனே விறைச்சுக்கும், ரெண்டு முக்கோணம் ஆயிடுச்சுல்ல. மரக் கேட்டுல மூலைக்கு மூலை ஒரு கட்டை அடிச்சிருப்பாங்களே, அதுக்கு இதுதான் காரணம். ஹைடென்ஷன் கரண்ட் டவர் முழுக்க முக்கோணமா இருக்கறதும் இதுக்குத்தான். அஞ்சு பக்கத்துக்கு ரெண்டு குறுக்குக் குச்சி வேணும், ஆறுக்கு மூணு, அதாவது பக்கத்துல மூணைக் கழிச்ச எண்ணிக்கை.

இதுலேர்ந்து ஒரு பயனுள்ள கணக்கு வரும். ஒரு பலகோணத்தை ஒரே ஒரு விதமா வரைய எத்தனை அளவு வேணும்? பக்கம் எல்லாம் வேணும், கூட அந்த குறுக்குக் கோடுகளும் வேணும். முக்கோணத்துக்கு 3, நாற்கரத்துக்கு 4-ம் 1-ம் சேர்ந்து 5, ஐங்கோணத்துக்கு 7. செய்முறை வடிவியல்ல "நாற்கரம் வரைய ஐந்து அளவுகள் தேவை"ன்னு ஒரு வரி இருக்குமே, அது எங்கேருந்து குதிச்சுதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, இதுதான். அந்த அஞ்சாவது அளவு மூலைவிட்டமா இருக்கலாம், இல்ல ஒரு கோணமா இருக்கலாம். சதுரத்துக்கு மட்டும் ஏன் ஒரே ஒரு அளவு போதும்னு பாப்பா கேட்டா, "சதுரம்"னு சொன்னதுலயே மத்த நாலு தகவலும் ஒளிஞ்சிருக்குன்னு சொல்லுங்க. முக்கோணத்துக்கு மூணு அளவுன்னதும் மூணு கோணத்தைக் கொடுத்துட்டா போதுமான்னு கேப்பா, போதாது, ரெண்டு கோணம் தெரிஞ்சாலே மூணாவது தானா தெரிஞ்சுடும், அதனால நிஜத்துல ரெண்டு தகவல்தான் கொடுத்திருக்கோம், உருவம் கிடைக்கும், சைஸ் கிடைக்காது.

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானேன்னு நினைச்சுடாதீங்க, மனை வாங்கும்போது இது பணம். நாலு பக்கமும் 40 அடி இருக்கற மனைன்னு ஒருத்தர் சொல்றார். எத்தனை சதுர அடி? 1600னு வாய் தானா சொல்லும். சதுரமா இருந்தாத்தான் 1600. ஒரு மூலை 60 டிகிரில சாய்ஞ்சிருந்தா அது ரெண்டு சமபக்க முக்கோணம், ஒவ்வொண்ணும் சுமார் 693 சதுர அடி, மொத்தம் 1386 கிட்ட. 214 சதுர அடி காணோம், ஒரு சென்ட் 435.6 சதுர அடின்னா கிட்டத்தட்ட அரை சென்ட். எதிரெதிர் பக்கத்தைக் கூட்டி ரெண்டால வகுத்து, அந்த ரெண்டையும் பெருக்கிப் பரப்பு சொல்ற பழக்கம் நம்ம ஊர்ல இன்னும் இருக்கு, ரொம்பப் பழைய வழக்கம் அது, எகிப்துல எட்ஃபு கோயில் சுவர்ல வயல்களுக்கு அப்படித்தான் கணக்கு போட்டு வெட்டி வச்சிருக்காங்க. அந்த முறையில வர்ற விடை செவ்வகத்துக்கு மட்டும்தான் சரி, வேற எந்த நாற்கரமா இருந்தாலும் நிஜப் பரப்பை விட எப்பவுமே ஜாஸ்தியாத்தான் காட்டும். எப்பவுமே. விக்கிறவங்களுக்கு சௌகரியம், வாங்குறவங்களுக்குத்தான் அடி.

அதுக்குத்தான் சர்வே பண்றவங்க ஓரத்தை மட்டும் அளக்க மாட்டாங்க. புலப்படம், எஃப்எம்பி ஸ்கெட்ச்னு சொல்றோமே, அதை ஒரு தடவை எடுத்துப் பாருங்க, நடுவுல குறுக்குக் கோடு இழுத்து நிலத்தை முக்கோணமா பிரிச்சு அந்தக் கோட்டு நீளத்தையும் அதுலேர்ந்து செங்குத்தா ஓரத்துக்கு எடுத்த அளவையும் எழுதியிருக்கும். முக்கோணம் ஆயிடுச்சுன்னா அசையாது, பரப்பும் நிச்சயம் ஆயிடும். ஒன்பதாவதுல, மூணு பக்கத்தை வச்சு முக்கோணப் பரப்பு கண்டுபிடிக்கிற ஹெரான் சூத்திரம் வரும்போது உங்க வீட்டு மனையையே கணக்கா கொடுங்க, நாலு பக்கம், ஒரு மூலைவிட்டம், ரெண்டு முக்கோணம்.

கொத்தனார் மூலை மட்டம் பார்க்க 3 அடி, 4 அடி அளந்து குறி வச்சு குறுக்கே 5 அடி வருதான்னு பார்ப்பார், அதுவும் இதே கதைதான், முக்கோணத்தோட மூணு பக்கத்தைக் கட்டிப் போட்டா கோணம் தப்பிக்க முடியாது. ரூமுக்கு குறுக்களவு ரெண்டும் சமமான்னு பார்க்கறதும் உண்டு, ஆனா எதிரெதிர் சுவர் சமமா இருக்கான்னு முதல்ல பார்த்துட்டுத்தான் அதைச் செய்யணும். குறுக்களவு மட்டும் சமமா இருக்கற சரிவகம் உண்டு, அது ஏமாத்திடும்.

பக்கத்தைப் பத்தி இன்னொண்ணு, சின்ன விஷயம். 3, 4, 8 வச்சு முக்கோணம் வராது, ரெண்டு சின்னக் குச்சியும் சேர்ந்தாலும் பெருசோட ரெண்டு முனையை எட்டாது. இதே விதி எத்தனை பக்கத்துக்கும் பொருந்தும், மிகப் பெரிய பக்கம் மத்த எல்லாம் சேர்ந்த நீளத்தை விடக் கம்மியா இருக்கணும். 2, 3, 4, 10னு நாற்கரம் கேட்டா கேள்வியே தப்பு.

தரைல டைல்ஸ் விஷயமும் கோணக் கணக்குதான். ஒரு புள்ளிய சுத்தி இடைவெளி இல்லாம அடுக்கணும்னா அங்க சேர்ற கோணம் எல்லாம் சேர்ந்து 360 வரணும். ஒரே வகை ஒழுங்கு பலகோணத்தை மட்டும் வச்சு அடுக்கறதுன்னா, சமபக்க முக்கோணம் ஆறு, சதுரம் நாலு, ஒழுங்கு அறுங்கோணம் மூணு, அதோட சரி. ஒழுங்கு ஐங்கோணம் 108, மூணு வச்சா 324, நடுவுல 36 டிகிரி சந்து விட்டுடும், நாலு வச்சா இடிக்கும். ஆனா ஒழுங்கா இருக்கணும்ங்கற கட்டாயத்தை விட்டுட்டா நிலைமையே வேற. எந்த நாற்கரத்தை வேணாலும் எடுங்க, எவ்வளவு கோணலா இருந்தாலும் அதே மாதிரி நிறைய வெட்டி தரை முழுக்க நிரப்பிடலாம், ஏன்னா அதோட நாலு கோணமும் சேர்ந்து 360, ஒவ்வொரு புள்ளிலயும் நாலு மூலையையும் ஒண்ணொண்ணா கொண்டு வந்து வச்சுடலாம். அட்டைல வெட்டி செஞ்சு பாருங்க, ஒண்ணை 180 டிகிரி திருப்பித் திருப்பி வச்சா சேர்ந்துக்கும், நம்பவே முடியாது.

ஐங்கோணத்துலயும் சில கோணலான வகைகள் தரையை நிரப்பும், அதுல ஒரு கதை இருக்கு. 1975-ல ஒரு பத்திரிகைல மார்ட்டின் கார்ட்னர் இதைப் பத்தி எழுதினதைப் படிச்சுட்டு அமெரிக்காவுல சான் டியேகோவுல இருந்த மார்ஜரி ரைஸ்ங்கற குடும்பத் தலைவி, பள்ளிக்கூடத்துக்கு மேல கணக்கு படிக்காதவங்க, தானே ஒரு குறியீட்டு முறை வச்சுக்கிட்டு அதுவரைக்கும் யாருக்கும் தெரியாத நாலு வகையைக் கண்டுபிடிச்சாங்க. 2015-ல 15-வது வகை கிடைச்சுது, 2017-ல மிக்கேல் ராவ்ங்கறவர் கம்ப்யூட்டர் உதவியோட குவிவு ஐங்கோணத்துல இந்த 15 தான், இதுக்கு மேல இல்லன்னு காட்டினார். கணக்குல எல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சுன்னு நினைக்கிற பசங்களுக்கு இதைச் சொன்னா கண்ணு விரியும்.

அதே மாதிரி கவராயமும் ஸ்கேலும் மட்டும் வச்சு ஏழு பக்க ஒழுங்கு பலகோணம் துல்லியமா வரைய முடியாது, ஆனா 17 பக்கம் வரையலாம். அதை 1796-ல காஸ்ங்கற ஜெர்மன் கணித மேதை கண்டுபிடிச்சப்போ அவருக்கு 19 கூட நிறையல. ஏன்னு இங்க சொல்லப் போனா ராத்திரி ஆயிடும், அது இயற்கணிதம்.

கடைசியா குழிவு பலகோணம், அம்புமுனை மாதிரி ஒரு மூலை உள்பக்கமா குத்தி இருக்குமே, அது. அங்க உட்கோணம் 180-ஐத் தாண்டிடும், "இதுக்கும் 360 வருமா"ன்னு பசங்க குழம்புவாங்க. நடந்து பார்க்கச் சொல்லுங்க. எல்லா மூலைலயும் வலதுபக்கம் திரும்பிக்கிட்டே வந்தவ அந்த ஒரு மூலைல மட்டும் இடதுபக்கம் திரும்பணும். அதை மைனஸா எழுதிக்கோங்க. உதாரணத்துக்கு அம்புமுனை நாற்கரத்துல உட்கோணங்கள் 40, 30, 50, 240னு வைங்க, திருப்பங்கள் 140, 150, 130, அப்புறம் மைனஸ் 60, கூட்டினா 360. உட்கோணம் கூட்டினாலும் 360. சூத்திரம் அப்படியே நிக்குது, ஆனா மூணு குறுங்கோணத்துக்கு மேல கூடாதுன்னு மேல சொன்னது மட்டும் இங்க செல்லாது, மைனஸ் திருப்பம் கிடைச்சா மத்த திருப்பங்களை இன்னும் கூட்டிக்கலாமே. ஒரே மூலைலேர்ந்து மூலைவிட்டம் போட்டு முக்கோணம் எண்ற வழியும் இங்க சில சமயம் சிக்கிக்கும், மூலைவிட்டம் உருவத்துக்கு வெளிய போயிடும், அப்போ வேற வேற மூலைகள்லேர்ந்து போட்டுப் பிரிக்கணும், எப்படியும் பிரிக்க முடியும்.

இவ்வளவும் சொல்லிக் கொடுத்தப்புறம் ஒரு கணக்கு கொடுங்க. ஒரு பையன் ஒரு குவிவு பலகோணத்தோட உட்கோணங்களைக் கூட்டும்போது ஒரு கோணத்தை விட்டுட்டான், அவனுக்கு 2190 வந்துச்சு. எத்தனை பக்கம், விட்டுப்போன கோணம் எவ்வளவு? கூடுதல் 180-ஓட மடங்கா இருந்தாகணும், 2190-க்கு அடுத்து வர்ற மடங்கு 2340, அதனால விட்டது 150. 2340-ஐ 180-ஆல வகுத்தா 13, கூட ரெண்டு, 15 பக்கம். 2520 ஏன் இருக்கக் கூடாதுன்னு நீங்க எதிர்க்கேள்வி கேளுங்க, அப்படின்னா விட்டுப்போன ஒரு கோணம் 330 ஆகணும், குவிவு பலகோணத்துல அது எப்படி வரும்னு அவளே சொல்றாளான்னு பாருங்க, அதைச் சொல்லிட்டான்னா அடுத்த பாடத்துக்குப் போயிடலாம்.